ஒரு நாள் முந்திப் பார்த்த படகு

எங்கள் விருதுநகரில் குழாயில் தண்ணீர் வந்தால் கல்யாணச் செய்தி மாதிரி வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்புவார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்த சிவகாசியும் இந்த விஷயத்தில் எங்களுக்கு இளைத்ததல்ல. மேகம் கறுத்தால் ஊரே மகிழும், பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்ட என் அக்கா செல்லக்கனி, ஐம்பத்தேழு வயதில் தனக்கு ஒரு படகு வேண்டும் என்றாள்.

சொன்ன இடம் சாப்பாட்டு மேசை. அத்தான் சங்கரபாண்டியனுக்கு வருகிற மாசியில் அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணத்தை எந்தக் கோயிலில் வைப்பது, யார் யாரைக் கூப்பிடுவது என்று மகன் பேச்செடுத்தான். காலண்டர் அச்சகத்தை அத்தான் மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்த நேரம். நானும் என் மிளகாய் வத்தல் மண்டியை அடைத்துவிட்டு விருந்துக்குப் போயிருந்தேன்.

"உங்க அம்மைக்கு என்ன வேணும்னு மொதல்ல கேளு. இது வரைக்கும் அவ வாயத் தெறந்து ஒண்ணு கேட்டதில்ல" என்றார் அத்தான். பெருமையாகத்தான் சொன்னார். இனிமேலும் கேட்கமாட்டாள் என்ற தைரியம்.

"எனக்குக் கோயில்ல கல்யாணம் வேண்டாம். தூத்துக்குடியில ஒரு பழைய போட்டு வெலைக்கு வருதாம். அந்தச் செலவுல அத வாங்கிக் குடுங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள்.

மருமகள் கீர்த்திகாவுக்குப் புரையேறியது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

மீன் பிடிக்கிற படகு இல்லை அது. வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரு சின்ன அறை வைத்து, அறைக்குள் படுக்கையும் மேசையும் அடுப்பும் வைத்த படகு. கப்பல் ஏஜெண்ட் ஒருவர் எந்தக் காலத்திலோ வாங்கி வைத்திருந்தாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். அச்சகத்துக்குத் தாள் கொடுக்கும் ஏஜெண்ட் மணிகண்டராஜ், தாள் லோடு இறக்க வந்தவர், காப்பி குடித்துக்கொண்டே இந்தச் சேதியைச் சொல்லியிருக்கிறார். தாள் விற்கிறவன் தாளோடு நிற்க வேண்டியதுதானே.

ஆனால் தாள் ஏஜெண்டைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அக்காவின் ஆசைக்கு வயது அதிகம். கல்யாணமாகிப் போன புதிதில் அவளை அச்சகத்தில் காலண்டர் முடிக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். படம் ஒட்டிய அட்டையில் தினசரித் தாள் கட்டை வைத்து அடிக்கிற வேலை. சாமி படம், குழந்தை படம், அருவிப் படம் என்று கட்டுக் கட்டாக வரும். அதில் ஒன்று, ஏதோ வெளிநாட்டு ஏரியில் நிற்கிற வெள்ளைப் படகு. படகில் ஒரு குட்டிச் சன்னல், அதில் சிவப்புத் திரை. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அந்தப் படத்தின் மேல் என்ன மோகமோ, வருடா வருடம் அதற்கு ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. அக்கா அதன் தலையில் தாள் கட்டை வைத்து அடிக்கும்போதெல்லாம், "அந்தச் சன்னலுக்கு உள்ள யாருடி இருப்பா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுப்புத்தாயிடம் கேட்பாளாம். சுப்புத்தாயும் தினம் ஒரு ஆளைச் சொல்வாளாம். ஒரு நாள் துரைச்சாணி, ஒரு நாள் திருடன், ஒரு நாள் மாமியாருக்குப் பயந்து ஒளிந்த மருமகள். சிரித்தபடி அட்டை முடித்துப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா அறிந்த கடல் திருச்செந்தூரில் முழங்கால் வரைக்கும் வந்த கடல்தான். அதில் படகு ஏறி, அந்த மாதிரி ஒரு சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் வத்தல் மண்டிக்காரன். சாக்கின் வாயில் இருக்கிற மிளகாயைப் பார்த்து நான் விலை சொல்வதில்லை, அடியில் குத்தி எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். கடலில் மிதக்கிற சாக்கை எங்கே குத்திப் பார்ப்பது?

இந்த இடத்தில் அத்தான் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலண்டர்க்காரர்கள் நம்மோடு இந்த வருடத்தில் வாழ்கிறவர்கள் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டு அடுத்த வருட ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால், அன்றைக்கே வீட்டுச் சுவரில் அடுத்த வருடக் காலண்டர் ஏறிவிடும். இந்த வருடத்துக் காலண்டர் யார் வீட்டிலும் தொங்கும், அடுத்த வருடத்தது எங்கள் வீட்டில்தான் தொங்கும் என்று ஒரு கெத்து. அதே தேதி அடுத்த வருடம் மறுநாள் கிழமையில் வரும், ஆகவே அந்தக் கெத்தினால் தேதிக்கும் கிழமைக்கும் ஒரு நாள் இடிக்கும். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு தப்புச் செய்ய முடியாது.

அக்காவைப் பெண் பார்க்க அத்தான் வீட்டார் வந்ததும் அப்படித்தான். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொன்னவர்கள் வியாழக்கிழமையே காரில் வந்து இறங்கிவிட்டார்கள். சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதி வெள்ளியாம். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா மொட்டை மாடியில் இருந்தாள். காயப்போட்ட வத்தலின் மேல் திடீரென்று தூறல் விழ, அள்ளிப் போடுவதற்காக ஏறியவள். மூக்கைச் சுற்றித் துண்டு, தலையெல்லாம் சிவப்புத் தூசி, கண்ணில் நீர், மூக்கில் நீர். அந்தக் கோலத்தில் தும்மிக்கொண்டே மாடிப்படி இறங்கி, மாப்பிள்ளை வீட்டார் நடுவில் வந்து நின்றாள். நின்ற இடத்திலும் தும்மினாள்.

எங்கள் அய்யாவுக்கு மானம் போயிற்று. "தப்பா நினைக்காதீக, நாளைக்கு வாங்க, முறையா செய்வோம்" என்று கெஞ்சினார். அத்தான்தான் வாயைத் திறந்தார். "நாளைக்கு வந்தா சேலைதான மாறும், ஆளா மாறப்போகுது" என்றார். அதோடு முடிந்தது. கையில் பூகூட எடுத்து வரவில்லை, அதற்காகப் பேச்சை முறிக்க முடியுமா? அத்தானைப் பெற்ற அம்மா தன் கொண்டையில் இருந்த பூவை எடுத்து அக்காவின் வத்தல் தூசித் தலையில் வைத்து உறுதி செய்துவிட்டார். பிறகு அந்த அம்மாவும் தும்மினார்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன வாக்கை மென்று விழுங்குகிற ஆள் இல்லை அவர். "பாக்குறதுக்கு என்ன, பாப்போம்" என்றார். அன்று இரவே எனக்கு போன் வந்தது.

"மாப்ள, நீயும் கூட வா. அங்கன போயி நீ ஒரு கொறை சொல்லு, நான் ரெண்டு கொறை சொல்லுதேன். அவளே வேண்டாம்னுருவா."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வைவா, அத்தான்."

"வெடிமருந்துக்குப் பக்கத்துல பொறந்தவன் நான், தீயின்னா எனக்குத் தெரியும். தண்ணிய எனக்குத் தெரியாது மாப்ள. இந்த வயசுல அவள எங்கயாச்சும் கடல்ல கொண்டு போயி விட்டுட்டு நான் என்ன செய்ய?"

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். அக்கா இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சரி, வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி தாள் ஏஜெண்ட் ஏற்பாடு செய்திருந்தார். அத்தான் சுவர்க் காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்கு நேரே இருந்த தேதியை மனதில் குறித்துக்கொண்டு, "பதினொண்ணாம் தேதி காலையில சாத்தூர்ல நில்லு" என்று என்னிடம் சொன்னார். தேதியைச் சொன்னாரே ஒழிய கிழமையைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோராம் தேதி சாத்தூரில் நின்றேன். தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை அடைத்துக்கொண்டு அச்சங்குளம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அத்தான் கார் வந்து நின்றது. அக்கா பட்டுச் சேலையில் இருந்தாள், தலையில் நாலு முழம் மல்லிகை. நான் வாங்கி வைத்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தைப் பின் சீட்டுக்கு நீட்டினேன். கோவில்பட்டி தாண்டுவதற்குள் பொட்டலம் காலி. அக்காவின் சந்தோஷத்துக்குப் பசி அதிகம்.

தூத்துக்குடியில் படகுப் பட்டறை ஒன்றின் பின்பக்கம், தண்ணீர் உள்ளே வருகிற ஒரு சந்தில் அந்தப் படகைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த உடனே எனக்கு, நான் குறை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று புரிந்துவிட்டது. ஒரு பாதிக்குப் புதுப் பெயிண்ட் பளபளத்தது, மறு பாதி பழஞ்சோற்றின் நிறத்தில் இருந்தது. மோட்டார் போட்டு உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்கள். தரைவிரிப்பு சுருட்டிக் கரையில் கிடந்தது, அதற்கு அடியில் இருந்த பலகைகள் ஊறி உப்பியிருந்தன. இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. சன்னல் திரைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள்.

இன்ஜின் குழிக்குள் இருந்து அரை டவுசரோடு ஒருவர் தலையை நீட்டினார். படகைப் பார்த்துக்கொள்கிற சூசை மிக்கேல் அவர்தான். எங்களைக் கண்டதும் பேயைக் கண்ட மாதிரி ஆகிவிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்கள நாளைக்குல்லா வரச் சொன்னது?"

"வெள்ளிக்கிழமைன்னுதான சொன்னாக."

"இன்னைக்கு வியாழன், அண்ணாச்சி."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். வியாழன்தான். அத்தான் வானத்தைப் பார்த்தார், அங்கே கிழமை எழுதியிருப்பது போல. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தானுக்கு அதிர்ச்சி தெளிந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். தேடிப்போன மருந்து காலில் தட்டியிருக்கிறதே. படகைச் சுற்றி நடந்தார். பெயிண்டில் விரலை வைத்துப் பார்த்தார், பலகையைக் காலால் அமுக்கிப் பார்த்தார், இறைக்கிற தண்ணீரைக் காட்டி, "மாப்ள, பாத்தியா" என்றார். நான் என் பங்குக்கு "ஆமா அத்தான்" என்றேன். என் வேலை அதோடு முடிந்தது.

சூசையும் ஒளிக்கவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? "உள்ளதச் சொல்லுதேன் அண்ணாச்சி. உடம்பு பைபர், அதுல ஒரு கீறல் கெடையாது. இன்ஜின அப்பப்ப ஓட்டித்தான் வச்சிருக்கேன். தண்ணியத் தள்ளுற காத்தாடியோட தண்டு வெளிய போற எடத்துல தண்ணி கசியுது, அத அடைச்சிரலாம். தரைப் பலக போச்சு, மாத்தணும். நாளைக்கு நீங்க வந்திருந்தா பெயிண்ட முடிச்சு, விரிப்பப் போட்டு மூடியிருப்போம். நீங்களும் பலகையப் பாத்திருக்க மாட்டிய" என்றார்.

நாங்கள் இந்தப் பேச்சில் இருக்கும்போது அக்கா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கிவிட்டாள். ஊறின பலகையை விட்டு ஓரமாகக் கால் வைத்துப் போய், அந்தச் சின்ன அறைக்குள் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சில் மெத்தை இல்லை, திரை இல்லை, டீசல் நாற்றம் வேறு. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி சன்னதியில்கூட அக்காவை நான் அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. இவளுக்கு இது கிடைக்காமல் போகக்கூடாது என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

அத்தான் அதைக் கவனிக்கவில்லை, வெற்றி மயக்கத்தில் இருந்தார். "செல்லக்கனி, ஏறி வா, போவோம்" என்று குரல் கொடுத்தார்.

சூசை கையைப் பிசைந்தார். "அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க. நாளைக்கு வந்து பாருங்க, அதுக்கப்புறம் முடிவு செய்யுங்க."

"நாளைக்கு வந்தா பெயிண்டுதான மாறும், போட்டா மாறப்போகுது" என்றார் அத்தான்.

சொல்லி முடித்த வாயை அவர் மூடவில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கும். அக்கா சன்னலில் இருந்து தலையைத் திருப்பினாள்.

"இத நீங்க முன்னாடியும் சொல்லியிருக்கீக" என்றாள்.

அத்தான் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டைத் துடைத்தார்.

"அன்னைக்கு வேணும்னு சொல்லுறதுக்குச் சொன்னீக. இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுறதுக்குச் சொல்லுறீக. அன்னைக்கு நான் மட்டும் முழுசாவா பெயிண்ட் அடிச்சிருந்தேன்?"

சூசை ஒன்றும் விளங்காமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் வாய் அப்படிப் பழகியதில்லை. "அத்தான், நமக்குச் சாக்கோட அடியத்தான் மொதல்ல காட்டியிருக்காக. இனிமே மேல இருக்கிறதெல்லாம் லாபம்தான்" என்றேன். கூட்டிக்கொண்டு வந்த ஆளே கட்சி மாறியதில் அத்தான் என்னை ஒரு முறை முறைத்தார்.

பிறகு படகைப் பார்த்தார். பாதி வெள்ளை, பாதி பழஞ்சோறு. அதற்குள் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அவள் மூக்கில் கறுப்பு மசி ஒட்டியிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தண்டு கசியுறத ஒழுங்கா அடைப்பியாப்பா? எம் பொண்டாட்டி ஏறுற போட்டு" என்று சூசையிடம் கேட்டார்.

"எம் பிள்ளைகள ஏத்துற மாதிரி செஞ்சு தாரேன் அண்ணாச்சி."

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார். "பின்ன என்ன பாத்துக்கிட்டு இருக்க, பூவ வச்சிரு" என்றார்.

அக்கா தலையில் இருந்த நாலு முழத்தையும் உருவி, படகின் ஸ்டியரிங்கில் சுற்றிக் கட்டினாள். எங்கள் குடும்பத்தில் கொண்டைப் பூவை வைத்தே நடந்த இரண்டாவது உறுதி வார்த்தை அது. அன்றைக்குப் போலவே இதிலும் முகூர்த்தம் யாரும் பார்க்கவில்லை. காலண்டர் போடுகிற குடும்பம் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கம்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் தலைக்குக் குளிக்காமல் அக்கா வாசல் தாண்ட மாட்டாள். அன்று தலைக்குக் குளித்த அடையாளமே இல்லை. அத்தான் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ஏக்கா, இன்னைக்கு வியாழன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்லே."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஒரு நாள் முந்திப் போறதுதாம்லே எங்களுக்கு ராசி" என்றாள். பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்த காராச்சேவுத் தூளை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மாசியில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குக் கோயிலில் ஒரு மாலை மாற்றலோடு நிறுத்திக்கொண்டு எல்லோரும் தூத்துக்குடிக்குப் போனோம். அதற்குள் புது வருடம் பிறந்து எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே காலண்டர் வந்துவிட்டதால் இந்த முறை கிழமை தப்பவில்லை. படகுக்கு முழு உடம்புக்கும் வெள்ளை அடித்திருந்தார் சூசை. பலகை புதிது, மெத்தை புதிது. திரை மட்டும் அக்கா வீட்டில் தைத்து எடுத்து வந்தது, சிவப்பு. அத்தான் மிதவை ஜாக்கெட் ஒன்று போதாது என்று இரண்டு போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்த கையை விடாமல் சூசைக்குப் பக்கத்தில் நின்றார். சுப்புத்தாயையும் அக்கா கையோடு கூட்டி வந்திருந்தாள். அவளும் நானும் கரையிலேயே நின்றுகொண்டோம். முதல் சுற்று அவர்கள் போகட்டும், திரும்பி வந்தால் ஏறலாம் என்பது என் கணக்கு.

இன்ஜின் சத்தம் எழும்பியது. படகு மெல்ல நகர்ந்து, வளைந்து, பக்கவாட்டில் எங்கள் முன்னால் வந்தது. நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, குட்டிச் சன்னல், சிவப்புத் திரை. சுப்புத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதே காலண்டர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரை விலகியது. சன்னல் நிறைய அக்காவின் முகம்.

"ஏ சுப்பு" என்று அவள் கத்தினாள். "உள்ள யாரு இருப்பா, யாரு இருப்பான்னு கேட்டேனே. நாந்தான்டி இருக்கேன்."